நீலகிரித் தேயிலைத் தோட்டங்களின் குழந்தைகள் காப்பகங்கள்

நீலகிரி மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கச் செல்லும் பெண் தொழிலாளர்களின் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பகலில் பராமரிக்கும் இடங்கள் குழந்தைகள் காப்பகங்கள் ஆகும். இலங்கை மலையகத்தில் இத்தகைய இடம் பிள்ளை மடுவம் எனப்படும்.

பின்னணி

நீலகிரியில் தேயிலைப் பயிர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேரூன்றியது. சமவெளியிலிருந்து மலையேறிய தொழிலாளர் குடும்பங்கள் லைன் வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. கொழுந்து பறித்தல் பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருந்தது. பாட்டியும் அத்தையும் சொந்த ஊரில் தங்கிவிட்ட குடும்பங்களில், கைக்குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது என்பது தாய்மார்களின் அன்றாடக் கவலையாயிற்று. பல வீடுகளில் அந்தப் பொறுப்பு மூத்த பெண் பிள்ளையின் தலையில் விழுந்தது. அவளது படிப்பு தடைப்பட்டது.

சட்டம் வகுத்த தரங்கள்

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில் காப்பகம் அமைப்பதை முதலாளியின் கடமையாக்கியது. போதுமான இடவசதி, வெளிச்சமும் காற்றோட்டமும், தூய்மை, குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பு ஆகிய நான்கு தரங்களை அது வகுத்தது. 1981ஆம் ஆண்டுத் திருத்தம் ஒப்பந்தப் பெண் தொழிலாளர்களையும் கணக்கில் சேர்த்தது. 20 பிள்ளைகள் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்றும் கூறியது. குழந்தைக்குப் 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளைகளை 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் அளித்தது.

பராமரிப்பும் கல்வியும்

தோட்டத் தொழிலாளர் சட்டம் கல்வி வசதியைத் தனிப்பிரிவில் வைத்தது. அப்பிரிவு 6 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது. ஆறு வயதுக்குட்பட்டோருக்கு அறையும் ஆயாவும் கிடைத்தனர். கதை, பாட்டு, விளையாட்டு வழியாகக் கற்பது சட்டத்தின் தரங்களில் இடம்பெறவில்லை. அந்தக் குறையை நிரப்ப வந்தது, 1975 அக்டோபர் 2இல் நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம். அதன் அங்கன்வாடிகள் சத்துணவு, தடுப்பூசி ஆகியவற்றுடன் 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வியையும் வழங்கின. 1982 ஜூலை 1இல் தமிழ்நாட்டில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது.

சட்டத்துக்கு வெளியே உள்ளோர்

1981ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், 5 எக்டேர் பரப்பும் 15 தொழிலாளர்களும் உள்ள தோட்டங்களுக்குச் சட்டம் பொருந்தியது. நீலகிரியிலோ பல்லாயிரக்கணக்கானோர் சிறு தேயிலை விவசாயிகள். அவர்களின் நிலங்கள் பெரும்பாலும் இந்த அளவுக்குக் கீழே அடங்குவன. அங்குக் கூலிக்குக் கொழுந்து பறிக்கும் தாயும் பெரிய தோட்டத்துத் தாயும் செய்வது ஒரே வேலைதான். ஆனால் காப்பகம் கேட்கும் சட்ட உரிமை முன்னவருக்கு இல்லை. அங்கன்வாடியே அவருக்குத் துணை.

பழைய சட்டத்தை உள்ளடக்கிய 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தோட்டக் காப்பகத்துக்கான 50 பேர் கணக்கில் பெண்களை மட்டுமன்றி ஆண்களையும் சேர்த்தது. பிள்ளை வளர்ப்பு தாயின் பொறுப்பு மட்டுமன்று என்பதைச் சட்டம் இவ்வகையில் ஏற்றது. எனினும் 5 எக்டேர் வரம்பு தொடர்வதால், சிறு தோட்டங்களின் பிள்ளைகள் இன்னும் அதற்கு வெளியேதான் உள்ளனர்.