தள்ளாமலே ஓடிய வேகன்

1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 31 கிலோமீட்டர், மீட்டர் கேஜ், ஒற்றைத் தடம். கிள்ளான் ஆற்றுக்குப் பாலம் கட்டி முடித்து ரயில் கிள்ளான் ஊருக்குள் நுழைய 1890 ஆயிற்று. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம், இன்றைய போர்ட் கிள்ளான், திறந்தபோது தடம் கடல்வரை போயிருந்தது. இந்தத் தடம் பெட்டாலிங் வழியாகப் போன காலத்தில் பெட்டாலிங் ஜெயா என்றொரு ஊரே கிடையாது. எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தின் 1,200 ஏக்கரில் ஊர் எழும்பியது 1950-களில்தான். இங்கே ஊருக்கு மூத்தது ரயில்.

படிவம் நான்கு இயற்பியலில் விசையும் இயக்கமும் நடத்தும் ஒவ்வொரு முறையும் இந்தத் தடத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். காரணம் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் நியூட்டனின் முதல் விதியைச் சாதாரண மக்கள் கண்ணால் பார்த்த முதல் இடம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ரயிலுக்கு முன் என்ன இருந்தது? ஆறு இருந்தது. சரக்குப் படகுகள் தாமான்சாரா துறைவரை வரும். அங்கிருந்து மாட்டு வண்டி. செம்மண் சாலையில் மழை பெய்தால் சக்கரம் அச்சுவரை புதையும். ஒரு டன் பாரம் ஏற்றிய வண்டியைச் சேற்றில் இழுக்க 1,000 நியூட்டன்வரை விசை வேண்டும், சேறு ஆழமானால் இன்னும் அதிகம். மாடு நின்றால் அதே இடத்தில் வண்டியும் நிற்கும். தலைமுறை தலைமுறையாக இதையே பார்த்தவர்களுக்கு, இழுத்துக்கொண்டே இருந்தால்தான் ஒரு பொருள் நகரும் என்பது வெட்டவெளிச்சமான உண்மை. அரிஸ்டாட்டிலும் அப்படித்தான் நினைத்தார். அதைத் தவறு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. சேற்றுச் சாலையில் வாழ்ந்தவனுக்கு அதைத் தவிர வேறு முடிவுக்கு வர வழியே இல்லை என்பதையும் மாணவர்களிடம் நான் சொல்லிவிடுவேன்.

நியூட்டன் தம் நூலை வெளியிட்டது 1687-இல். எந்த விசையும் தடுக்காவிட்டால் ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கும் என்று அவர் எழுதி 199 ஆண்டுகள் கழித்து, அதை ஏறக்குறைய மெய்ப்பிக்கும் ஒரு சாலை நம் பக்கத்தில் போடப்பட்டது. இரும்பின்மேல் இரும்பு. சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு ஐந்து சென் காசு அளவுதான். ஓடிக்கொண்டிருக்கும் 10 டன் வேகனைச் சமதளத்தில் அதே வேகத்தில் வைத்திருக்க ஏறத்தாழ 200 நியூட்டன் போதும். அதாவது 20 கிலோ அரிசி மூட்டையின் எடை அளவு. டன்னுக்கு டன் கணக்குப் பார்த்தால் சேற்றுச் சாலைக்கும் இதற்கும் ஐம்பது மடங்கு வித்தியாசம்.

என் அப்பா பிரிக்ஃபீல்ட்ஸ் யார்டில் ஷண்டிங் வேலை பார்த்தவர். இன்று கேஎல் சென்ட்ரல் நிற்கும் இடம் அந்த யார்டுதான். இன்ஜின் ஒரு வேகனை உந்திவிட்டு நின்றுவிடும். வேகன் மட்டும் தனியே பாயிண்டைத் தாண்டி, தனக்குரிய தடத்தில் திரும்பி, நெடுந்தூரம் போகும். சத்தமே இருக்காது, தண்டவாள இணைப்புகளில் மட்டும் டக், டக் என்று கேட்கும். அப்பா அதன் பக்கத்திலேயே ஓடி, பக்கவாட்டில் இருக்கும் பிரேக் நெம்புகோலை உடம்பின் பாரமெல்லாம் கொடுத்து அழுத்துவார். மழை நாளில் சரளைக் கல் வழுக்கும்.

"யாரும் தள்ளலையே, எப்படிப்பா போகுது?" என்று சிறுவனாக நான் கேட்டேன்.

"தள்ளி விட்டாச்சுடா. அது பாட்டுக்குப் போகும். நிறுத்துறதுதான் நம்ம வேலை" என்றார்.

அவர் பள்ளியில் படித்தது மிகக் குறைவு. நிலைமத்தை அதைவிடச் சரியாக எந்தப் பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை.

இந்த வேலைகளில் நம்மவர்கள்தான் நிறைந்திருந்தார்கள். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட்வரை 1885-இல் ஓடிய நாட்டின் முதல் ரயிலுக்கே இலங்கையிலிருந்து பயனியர் படையை வரவழைத்தார்கள். பிறகு ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் கிராணிகளாகவும் யாழ்ப்பாணத்தார் வந்தார்கள். கம்பிச்சடக்கு போட்டதும் அதைப் பராமரித்ததும் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கூலிகள். செந்தூல் பட்டறையில் இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய கைகளிலும் தமிழ்க் கைகள் ஏராளம். அந்தப் பட்டறையை 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பி-29 விமானங்கள் குண்டுபோட்டு நொறுக்கின. ரயிலை முடக்கினால் நாட்டையே முடக்கலாம் என்று போரில் இறங்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உராய்வு குறைவு என்பது வரம் மட்டுமல்ல. மேடு வந்தால் அதன் விலை தெரியும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்றால் சாலையில் நடப்பவனுக்கு அது மேடாகவே தெரியாது. ரயிலுக்கோ, எடையில் நூற்றில் ஒரு பங்கு பின்னுக்கு இழுக்கும். 10 டன் வேகனுக்கு அது ஏறத்தாழ 1,000 நியூட்டன். சமதளத்தில் 200, இங்கே மொத்தம் 1,200. இந்தச் சின்னச் சரிவுக்கு ஆறு மடங்கு விசை. தடம் போட்டவர்கள் ஏன் குன்றை வெட்டினார்கள், ஏன் பள்ளத்தை மண் கொட்டி நிரப்பினார்கள், ஏன் வளைந்து வளைந்து போனார்கள் என்பதற்கு விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. மண்வெட்டியும் கூடையும் பிடித்த கூலிகள் ஒவ்வொரு அடி மண்ணையும் அந்த 1,000 நியூட்டனுக்காகவே சுமந்தார்கள்.

இன்னொரு சங்கடம், இன்ஜின் சக்கரம் வழுக்குவது. இழுப்பதற்கும் உராய்வுதான் பிடி கொடுக்க வேண்டும். உலர்ந்த தண்டவாளத்தில் சக்கரத்தின்மேல் உள்ள எடையில் கால்பங்கு அளவு பிடி கிடைக்கும். மழைத்தூறலும் எண்ணெயும் சேர்ந்தால் பத்தில் ஒன்றுக்குக் கீழே போய்விடும். அதனால்தான் இன்ஜினில் மணல் பெட்டி உண்டு. டிரைவர் நெம்புகோலை இழுத்தால் குழாய் வழியே சக்கரத்துக்கு முன்னால் மணல் விழும். உராய்வைக் குறைக்க இரும்புப் பாதை, அதே பாதையில் உராய்வைக் கூட்ட ஒரு கை மணல். மாணவர்கள் இதில்தான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மரத் தள்ளுவண்டியும் நீண்ட பலகையும் உண்டு. பலகையின் ஒரு முனைக்கு அடியில் கட்டை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த வேண்டும். வண்டியை மெதுவாகத் தட்டிவிட்டால் வேகம் கூடாமல் குறையாமல் ஓட வேண்டும். வண்டியின் பின்னால் ஒட்டிய காகித நாடா டிக்கர் கருவிக்குள் ஓடும்போது நொடிக்கு 50 புள்ளிகள் விழும். புள்ளிகளின் இடைவெளி சமமானால், சரிவு இழுக்கும் விசையும் உராய்வு தடுக்கும் விசையும் சமன் என்று பொருள். "சார், இன்னும் கொஞ்சம் தூக்கவா?" என்று கட்டைக்குக் கீழே அட்டைத்துண்டு செருகிக் கேட்கும் பையன், ரயில் பொறியாளர் குன்றில் செய்த வேலையைத்தான் மேசைமேல் செய்கிறான். 50 என்ற அந்த எண் மின்சாரத்தின் அதிர்வெண். 1995-இல் இந்தத் தடத்தில் ஓடத் தொடங்கிய கொமுட்டர் ரயிலின் மேல்கம்பியிலும் 25,000 வோல்ட் அதே 50 ஹெர்ட்ஸில்தான் வருகிறது.

பாடத்தின் கடைசி வகுப்பை நான் நிறுத்தும் தூரத்துக்கென்றே ஒதுக்குகிறேன். பெட்டாலிங் பக்கம் சில பையன்கள் நடைபாலத்தில் ஏறாமல் தடத்தைக் குறுக்கே கடப்பதைப் பார்த்திருக்கிறேன். வயிறு கலங்கும். மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் ரயில் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. பயணிகள் விழாதபடி நொடிக்கு நொடி ஒரு மீட்டர் வேகம் குறைத்தால், வேகத்தின் வர்க்கத்தை இரண்டால் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 240 மீட்டர். அதே வேகத்தில் வரும் கார் உலர்ந்த சாலையில் முழு பிரேக் பிடித்தால் 35 மீட்டர் அளவில் நின்றுவிடும். நீண்ட சரக்கு ரயிலுக்கு அந்த 240-ம் போதாது. 20 கிலோ எடையளவு விசையில் 10 டன் ஓடுகிறதே, அந்த வழவழப்பேதான் இங்கே ஆளைக் கொல்லும்.

கணக்கு முடிந்ததும் அளவு நாடாவைக் கொடுத்து வெளியே அனுப்புவேன். 240 மீட்டரை நடந்து அளக்க வேண்டும். கோல் கம்பத்தில் தொடங்கி எதிர்க் கம்பம் போய், திரும்பி வந்து, அதன்பிறகும் நாற்பது மீட்டர் மிச்சம் இருக்கும்.