நாசி கண்டாரும் மீ கோரேங்கும்: யார் உணவு, யார் உரிமை?

ஒரு சமுதாயத்தின் உணவை இன்னொரு சமுதாயத்தார் சமைத்து விற்றால் அது பண்பாட்டு அபகரிப்பு ஆகுமா? இக்கேள்வி இன்று நம் பிள்ளைகளிடமிருந்தே வருகிறது. ரொட்டி சானாய் நம்முடையதல்லவா, அதை மற்றவர்கள் விற்கலாமா என்கிறார்கள் சிலர். நாம் விற்கும் மீ கோரேங் மட்டும் யாருடையதாம் என்று திருப்பிக் கேட்கிறார்கள் வேறு சிலர். சங்கத்தின் பொன்விழா வேளையில், நம் முன்னோர் நடத்திய கடைகளின் வரலாற்றைக் கொண்டே இதற்கு விடை காண்போம்.

ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து நம்மவர் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை ஓடிய ரஜூலா கப்பலைப் பற்றிப் பேசாத குடும்பம் நம்மில் குறைவு. ஈப்போ டவுன் பாடாங் அருகே 1908இல் ஷேக் ஆதம் கட்டுவித்த இந்திய முஸ்லிம் பள்ளிவாசல், அதற்கு முன்பே நம்மவர் வணிகம் இங்கு வேரூன்றியிருந்ததற்குச் சாட்சி.

பினாங்குத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு நம்மவர் சோறும் கறியும் சுமந்து சென்று விற்றனர். தோளில் ஒரு கம்பு. ஒரு முனையில் சோறு, மறுமுனையில் கறிச் சட்டிகள். அப்படிச் சுமப்பதை மலாயில் 'கண்டார்' என்பார்கள். அதுவே நாசி கண்டார் ஆயிற்று. தோட்டத்தில் பால் வாளிகளைச் சுமந்த காண்டா கம்பும் அதே சொல்தான். கறி நம்முடையது, பெயர் மலாய், தின்றவர்கள் எல்லா இனத்தாரும்.

மீ கோரேங்கின் கதை இதற்கு நேர்மாறு. 'மீ' ஹொக்கியன் சொல், 'கோரேங்' மலாய்ச் சொல். மஞ்சள் மீயும் தௌஹூவும் கிச்சாப்பும் சீனர் தந்தவை. அவற்றோடு மிளகாய் அரைப்பையும் மசாலாவையும் சேர்த்து, ஹலாலாகப் பிரட்டிப் போட்டது நம்மவர் கை. பூர்வீக ஊரில் நம் பாட்டிமார் மீ கோரேங் சமைத்ததில்லை. அது இந்த மண்ணில் பிறந்தது.

கொடுத்ததும் வாங்கியதும் மொழியிலேயே பதிந்து கிடக்கின்றன. ஆப்பம் மலாயில் 'அப்பம்' ஆனது, கறி 'காரி' ஆனது, கடை 'கெடாய்' ஆனது. இடியாப்பத்தை அவர்கள் 'புட்டு மாயம்' என்கிறார்கள். 'சானாய்' என்பதோ மாவைத் தட்டி விரிப்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல். ஈப்போ யாங் கல்சோம் சாலையில் உள்ள யோங் சுவான், சீனர் கோப்பிக்கடை. அங்கேதான் நம்மவர் நாசி கண்டார் புகழ் பெற்றது. சோறு ஒருவருடையது, கோப்பி இன்னொருவருடையது, மேசை ஒன்றே.

உரிமைச் சண்டைகளும் இல்லாமல் இல்லை. 2009இல் அன்றைய சுற்றுலா அமைச்சர் இங் யென் யென், லக்சா, பாக் குட் தே போன்ற நம் நாட்டு உணவுகளை மற்றவர்கள் தமதாக்கிக் கொள்கிறார்கள் என்று கூறியது சிங்கப்பூரில் சலசலப்பை உண்டாக்கியது. 2024 பிப்ரவரியில் பாக் குட் தே தேசிய மரபு உணவுகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டபோது உள்நாட்டிலேயே விவாதம் எழுந்தது. பன்றி இறைச்சி நமக்கு ஹராம். நாம் அதைத் தொடுவதில்லை. ஆயினும் அது இந்நாட்டுச் சீனர்களின் மரபு என்று ஒப்புக்கொள்ள நமக்குத் தடையேதும் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில், நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் உள்ளிட்ட மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பல இனங்கள் சேர்ந்துண்ணும் வழக்கத்திற்கே அந்த மரியாதை கிடைத்தது.

ஆகவே பிறர் உணவைப் பரிமாறுவது அபகரிப்பு அன்று என்பதே எங்கள் கருத்து. அது அபகரிப்பாவது எப்போது? உணவை எடுத்துக்கொண்டு அதைத் தந்தவரின் பெயரை அழிக்கும்போது. அவர் உணவை ருசித்துக்கொண்டே அவரை இழிவாகப் பேசும்போது. 'மாமா' என்ற நம் உறவுச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் 'மாமாக்' என்ற பெயர் அன்பாகவும் ஒலித்திருக்கிறது, ஏளனமாகவும் ஒலித்திருக்கிறது. அந்த ஏளனத்தின் வலியை அறிந்த நாம், பிறர் உணவை விற்கும்போது அவர்களை மதிப்பது கடமை.

நமக்கு நேரக்கூடிய உண்மையான இழப்பு வேறொன்று. ரொட்டி இன்று தொழிற்சாலையில் உறைநிலையில் தயாராகி வெளிநாடுகளுக்குப் போகிறது. நம் கடைகளிலும் மாவு வீசும் கைகள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளருடையவை. சிம்பாங் பூலாயைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. கேமரன் மலைக்குத் திரும்பும் சந்தியில் லாரிக்காரர்களுக்கு விடியலில் தேநீர் ஆற்றியவர்களின் பெயர்களைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் சிலரே எஞ்சியுள்ளனர். பெயரை நாமே மறந்துவிட்டு, பிறர் அழித்துவிட்டார் என்று குறை கூறுவது நியாயமாகாது.

ஆதலால் சங்கக் குடும்பங்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது: உங்கள் வீட்டில் முதலில் கடை வைத்தவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், மசாலாவை எப்படி அரைத்தார், யாரிடம் எதைக் கற்றார் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். சீன அண்டை வீட்டாரும் மலாய்ச் சகோதரரும் கற்றுத் தந்ததையும் மறவாமல் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், சங்கத்தின் அடுத்த மலரில் அவற்றைத் தொகுத்து வெளியிடுவோம்.