கத்தியும் கண்ணாடியும்: பெங்களூருவின் கண் மருத்துவ வரலாறு

பெங்களூருவின் கண் மருத்துவ வரலாறு, ஒன்றையொன்று சார்ந்த இரண்டு தொழில்களின் வரலாறாகும். ஒன்று, புரையை அகற்றிப் பார்வையை மீட்கும் அறுவை மருத்துவம். மற்றொன்று, பார்வைக் குறைவைக் கணித்து அதற்கேற்ற கண்ணாடியை வகுத்துத் தரும் பார்வை அளவியல், அதாவது ஆப்டோமெட்ரி. முன்னது மைசூர் அரண்மனையின் ஆதரவோடு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கு வேரூன்றிவிட்டது. பின்னதோ நெடுங்காலம் கடைத்தெரு வணிகத்தின் ஒரு பகுதியாகவே நடந்து, 2021-இல்தான் மத்தியச் சட்டமொன்றின் வரையறைக்குள் வந்தது.

நவீன மருத்துவம் பரவுவதற்கு முன்பும், பரவிய பின்னர் சில தலைமுறைகள் வரையிலும், தென்னிந்திய ஊர்களில் கண்புரைக்கு மருத்துவம் செய்தவர்கள் ஊர் ஊராகச் சுற்றிய நாட்டு வைத்தியர்களே. கண்ணின் வில்லை வெளுத்து ஒளியை மறைக்கும் நிலையே புரை எனப்படுவது. இவ்வைத்தியர்கள் கூரிய ஊசியால் அந்த வில்லையைப் பார்வைப் பாதையிலிருந்து கண்ணுக்குள்ளேயே பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். நோயாளிக்கு உடனே வெளிச்சம் தெரியும்; ஆனால் சீழ் பிடித்தோ, கண்ணின் உள்ளழுத்தம் ஏறியோ, பின்னர் அந்தக் கண் அடியோடு கெட்டுப்போவது மிகுதி. 1904 முதல் சென்னை அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், இவ்வாறு கெட்டுப்போன கண்களை ஆராய்ந்து இம்முறையைப் பற்றித் தனி நூலே எழுதினார். சென்னையில் 1819-இலேயே கண்ணுக்கெனத் தனி மருத்துவமனை தோன்றியிருந்தபோதிலும், மைசூர் சமஸ்தானத்து மக்களுக்கு அது எட்டாத தொலைவிலேயே இருந்தது.

அந்தக் குறையைப் போக்க 1896-இல் சிக்பேட்டையில் சிறியதொரு மருந்தகமாகத் தொடங்கப்பட்டதே இன்றைய மின்டோ கண் மருத்துவமனை. மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சிக்காலத்தில், 1913-இல், கோட்டைக்கும் விக்டோரியா மருத்துவமனைக்கும் அருகே அதற்கெனக் கட்டடம் எழுந்தது. 1905 முதல் 1910 வரை வைஸ்ராயாக இருந்த மின்டோ பிரபுவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1955-இல் உருவான பெங்களூரு மருத்துவக் கல்லூரியோடு பின்னர் இணைக்கப்பட்டதால், நோயாளிகளுக்கு மருத்துவம் பார்க்கும் இடமாக மட்டுமன்றி, கண் மருத்துவர்களை உருவாக்கும் பயிற்சிக்களமாகவும் அது விளங்கி வருகிறது.

ஆயினும் நகரத்து மருத்துவமனையின் பயன், அங்கு வந்து சேர முடிந்தவர்களுக்கே கிட்டியது. பார்வை இழந்த முதியவர் ஒருவர் நகரத்துக்கு வர வேண்டுமானால், துணைக்கு வருபவரும் கூலி வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். இந்தத் தடையை உணர்ந்து, மருத்துவமனையையே ஊருக்கு எடுத்துச் சென்றவர் டாக்டர் எம். சி. மோதி. இன்றைய பாகல்கோட்டை மாவட்டத்தின் பீளகியில் பிறந்த அவர், 1943 முதல் பள்ளிக்கூடங்களையும் சத்திரங்களையும் தற்காலிக அறுவை அரங்குகளாக மாற்றி இலவச முகாம்களை நடத்தினார். ஒரே நாளில் 833 புரை அறுவைகள் செய்தவர் என்றும், 1993 பிப்ரவரி வரை 6,10,564 அறுவைகள் செய்தவர் என்றும் கின்னஸ் நூல் அவரைப் பதிவு செய்துள்ளது. 1968-இல் பத்மபூஷண் பெற்று, 2005-இல் மறைந்த அவருடைய பெயரில் பெங்களூருவில் அறக்கட்டளைக் கண் மருத்துவமனையும் அதையொட்டிய சாலையும் உள்ளன.

அக்கால அறுவை முறையில் புரை படிந்த வில்லை முழுவதும் அகற்றப்பட்டதே தவிர, அதன் இடத்தில் வேறு வில்லை பொருத்தப்படவில்லை. எனவே, அறுவை முடிந்தவர் ஏறத்தாழ பிளஸ் 10 டயாப்டர் திறனுள்ள தடித்த கண்ணாடியை வாழ்நாள் முழுவதும் அணிய வேண்டியிருந்தது. டயாப்டர் என்பது வில்லை ஒளியை வளைக்கும் திறனின் அளவு, மக்கள் வழக்கில் ‘பவர்’. அந்தக் கண்ணாடி உடைந்தாலோ அளவு தவறினாலோ, நேர்த்தியாக நடந்த அறுவையும் வீணாகி, நோயாளி மீண்டும் பார்வையற்றவர் நிலைக்கே திரும்பினார். கத்தி பிடிப்பவரின் உழைப்பு, கண்ணாடிக்கு அளவு எடுப்பவரின் கையில்தான் நிறைவு பெற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அவ்வாறு அளவு எடுப்பது நுட்பமான வேலை. 1862-இல் நெதர்லாந்தின் ஹெர்மன் ஸ்னெல்லன் வகுத்த எழுத்து அட்டையை 6 மீட்டர் தொலைவில் வைத்துப் படிக்கச் சொல்வது அதில் ஒரு படி மட்டுமே. இடம் போதாத கடைகளில் எதிர்ச்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டி, 3 மீட்டரையே 6 மீட்டராக்கிக்கொள்வர். எழுத்து அறியாதவருக்கும் வாய் பேசாத குழந்தைக்கும் ரெட்டினாஸ்கோப் என்ற கைக்கருவியே துணை. வெளிச்சம் குறைந்த அறையில் கருமணிக்குள் ஒளிக்கீற்றைச் செலுத்தி அசைக்கும்போது, உள்ளிருந்து வரும் செந்நிற ஒளி கீற்றோடு சேர்ந்து அசைந்தால் பிளஸ் வில்லையும், எதிர்த்திசையில் அசைந்தால் மைனஸ் வில்லையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பர். அசைவு நின்று கருமணி முழுதும் ஒரே சீராக ஒளிரும் இடமே கணக்கின் அடிப்படை. பரிசோதகர் நிற்கும் தொலைவுக்குரிய அளவை அதிலிருந்து கழித்தால் கண்ணின் பவர் கிடைத்துவிடும்.

இத்தகைய பணிக்கு முறையான படிப்பு தாமதமாகவே வந்தது. 1877-இல் தொடங்கிய லாரன்ஸ் அண்ட் மேயோ போன்ற பழைய நிறுவனங்கள் மகாத்மா காந்தி சாலையில் வசதி படைத்தோருக்குக் கண்ணாடி வழங்க, சிக்பேட்டை, அவென்யூ சாலைக் கடைகள் ஏனையோரின் தேவையை நிறைவேற்றின. இந்தியாவில் பார்வை அளவியலுக்கான பள்ளிகள் 1958 வாக்கில் ஐதராபாத்திலும் அலிகாரிலும் தோன்றின. 1985-இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவின் எலைட் கல்லூரி அதை நான்காண்டுப் பட்டப்படிப்பாக உயர்த்தியது. வணிகத்தின் பக்கமோ, ஓசூரில் கடிகாரத் தொழிற்சாலையோடு தொடங்கி, பெங்களூருவில் தலைமையகம் கொண்ட டைட்டன் நிறுவனம் 2007-இல் கண்ணாடி விற்பனையில் இறங்கியது.

இதே காலத்தில், மருத்துவரின்றிப் படம் மட்டும் பயணம் செய்யும் முறையும் இந்நகரில் பிறந்தது. டாக்டர் கே. புஜங்க ஷெட்டி 1982-இல் நிறுவிய நாராயண நேத்ராலயா, 2008-இல் ‘கிட்ராப்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கும் நோயைக் கண்டறிவதே அதன் நோக்கம். பயிற்சி பெற்ற தொழில்நுட்பப் பணியாளர்கள் மாவட்ட மருத்துவமனைகளுக்குச் சென்று, பச்சிளங்குழந்தையின் கண்ணில் மரப்பு மருந்திட்டு, கேமராவை மெல்ல வைத்துப் படமெடுத்து அனுப்ப, நிபுணர் பெங்களூருவிலிருந்தே அதைப் பார்த்து முடிவு சொல்கிறார்.

கண் தானத்தில் இந்நகரம் காட்டிய ஆர்வமும் குறிப்பிடத்தக்கது. நடிகர் ராஜ்குமாரின் பெயரில் 1994-இல் கண் வங்கி அமைந்தது. 2006-இல் அவருடைய கண்களும், 2021-இல் அவருடைய மகன் புனீத்தின் கண்களும் தானமாக அளிக்கப்பட்டன. புனீத்தின் கருவிழிகளை அடுக்குகளாகப் பிரித்து நால்வருக்குப் பொருத்தியதைக் கண்டு, கண் தானத்துக்குப் பதிவு செய்ய மக்கள் பெருந்திரளாக முன்வந்தனர்.

இழந்த பார்வையை மீட்பதில் இத்தனை ஊக்கம் காட்டிய நகரம், இருக்கும் பார்வையை அளந்து காப்பவரின் தொழிலுக்கு உரிய இடத்தைத் தரத் தவறியது என்பதே இவ்வரலாறு காட்டும் முரண். பார்வை அளவியலாளருக்குப் பதிவேட்டையும் கல்வித்தரத்தையும் வகுக்கும் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல்தான் நிறைவேறியது. சட்டம் தரும் தகுதி முழுப் பயனளிக்க, மக்களின் வழக்கமும் மாற வேண்டும்: பள்ளியில் சேரும் குழந்தைக்கும், வெள்ளெழுத்து தொடங்கும் நாற்பது வயதினருக்கும், ஆண்டுக்கொருமுறை நீரிழிவு நோயாளிக்கும், குறை தெரியும் முன்பே கண் பரிசோதனை செய்துகொள்வது இன்றியமையாதது.