வாடகைக்கு ஒரு வளவு

எனக்கு ஊர் ஆலத்தியூர். அரியலூர் மாவட்டம், செந்துறைப் பக்கம். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் கடலாகக் கிடந்த நிலம், அதனால் தோண்டுகிற இடமெல்லாம் சுண்ணாம்புக்கல். 1997-இல் சிமென்ட் ஆலை வந்தது. அதற்குச் சில வருஷம் கழித்து எங்கள் அப்பாயியின் ஓட்டு வீட்டை இடித்து மெத்தை வீடு கட்டினோம். அந்தச் சுண்ணாம்புச் சுவர் கடப்பாரைக்கு லேசில் மசியவில்லை. புது வீட்டுக்குள் அப்பாயி படுத்ததே இல்லை. "உள்ள வேகுதுடா" என்று வாசலில் கட்டிலைப் போட்டுக்கொண்டார்.

போன தை மாசம் கானாடுகாத்தானில் ஒரு செட்டிநாட்டு வீட்டில் இரண்டு இரவு வாடகைக்குத் தங்கினேன். எவ்வளவு கொடுத்தேன் என்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நான் படுத்த அறை வளவை ஒட்டியது. வளவு என்பது வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும். சுற்றிலும் வரிசையாகச் சின்ன அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அதில் பங்கு. நகரத்தார் கணக்கில் கல்யாணம் ஆனவர்தான் ஒரு 'புள்ளி'. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் வாய்பிளக்க வைக்கும், சரி. எனக்கு அதைவிட இந்தப் பங்குக் கணக்குதான் முக்கியமாகப் பட்டது. வீட்டைக் கட்டியதும் அதுதான், பூட்டியதும் அதுதான்.

கட்டிய பணம் பெரும்பாலும் கடல் தாண்டி வட்டிக்கு விட்டது. 1930-களின் மந்தத்தில் நெல் விலை விழ, கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் நெல் வயலில் ஏறக்குறைய கால் பங்கு! (அந்த விவசாயியின் வீடு என்ன ஆனது என்று எந்த விடுதிச் சிற்றேட்டிலும் இருக்காது.) 1942-இல் ஜப்பான் படை வந்தது. பிறகு சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. வருமானம் நின்றது, வாரிசுகள் மட்டும் பெருகினார்கள். ஒரு வீட்டுக்குப் பல டஜன் பங்காளிகள். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் திறப்பார்கள், மீதி நாள் பூட்டு. விற்பதென்றால் எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும். மனசு ஒத்துப்போகாத வீடுகள் தூண் தூணாகப் பிரிந்து காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின.

விடுதியாக்குவது அதற்கு மாற்று. கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸைப் புதுப்பித்து விடுதியாக்கியவர்கள் மிஷேல் அத்மோன், பெர்னார் திராகோன் என்ற இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள். அவர்கள் நாட்டில் இது பழைய பழக்கம். போருக்குப் பிறகு கிராமங்கள் காலியாகிக்கொண்டிருந்தபோது, பழைய பண்ணை வீடுகளைச் சீர்செய்து நகரத்தாருக்கு (நம்ம நகரத்தார் இல்லை, டவுன்காரர்கள்) விடுமுறைக்கு விடத் தொடங்கினார்கள். 'ஜீத்' என்று பெயர். முதலாவது 1951-இல் திறந்தது, 1955-இல் அவற்றுக்கென ஒரு கூட்டமைப்பே வந்துவிட்டது. அங்கே விவசாயி பக்கத்து வீட்டிலேயே குடியிருந்து சாவியைக் கையில் கொடுப்பார். அந்த வாடகை அவர் நிலத்தை விட்டுப் போகாமல் இருக்க உதவியது. கானாடுகாத்தானில் எனக்குச் சாவி கொடுத்த பையன் ஒடிசாக்காரன்.

இதையெல்லாம் நினைத்துக் கொஞ்சம் எரிச்சலோடுதான் இருந்தேன், மறுநாள் காலை பின்கட்டில் அந்தக் கொத்தனாரைப் பார்க்கும் வரை. யாரோ எப்போதோ சிமென்ட் வைத்து ஒட்டுப்போட்ட இடத்தைக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, பூச்சு உப்பி உதிரும். பழைய பூச்சில் கடுக்காய், வெல்லம், கடைசிப் படலத்துக்கு முட்டை வெள்ளைக்கரு. நூறு வருஷமாகியும் கன்னத்தை வைத்தால் ஜில்லென்றிருக்கிறது. வைத்துப் பார்த்தேன்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"ஆலத்தியூர்."

"சிமெண்டு ஊராச்சே!" சிரித்தார். "அங்க கல்லுக்குப் பஞ்சமில்லையே. சுண்ணாம்புக் காளவாய் ஏதும் ஓடுதா? நல்ல சுண்ணாம்பு கிடைக்காமத்தான் பாதி வேலை நிக்குது."

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அப்பாவுக்குப் போன் போட்டேன். காளவாயெல்லாம் எப்பவோ நின்னுபோச்சு என்றார். அப்புறம், நான் எங்கே இருக்கிறேன் என்றுகூடக் கேட்காமல், "அப்பாயி வீட்டு நிலைக்கதவு மாட்டுக்கொட்டாய்ல சாத்திவச்சிருக்கேன். கரையான் இன்னும் ஏறல. வந்து பாக்கிறியா?" என்றார்.