கேட்பாரின்றி வளர்ந்த சங்கீதம்

1929-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி நியூயார்க்கில் பிறந்து, தாயாரின் தூண்டுதலால் பால்யத்திலேயே பியானோ பயின்ற ஸெஸில் டெய்லர், பாஸ்டனிலுள்ள நியூ இங்கிலாந்து கன்ஸர்வேட்டரியில் ஐரோப்பிய சாஸ்திரிய சங்கீதத்தை முறையாகக் கற்றவரெனினும், டியூக் எலிங்டனும் தெலோனியஸ் மங்க்கும் வளர்த்த கறுப்பின மக்களின் ஜாஸ் மரபே தமக்குத் தாய்வீடு என்பதில் ஒருநாளும் ஐயம் கொண்டவரல்லர்.

1956-இல் ‘ஜாஸ் அட்வான்ஸ்’ என்ற முதல் இசைத்தட்டுக்கு வாசித்தார். அதே ஆண்டில், ஓவியர்கள் கூடும் ‘ஃபைவ் ஸ்பாட்’ விடுதியில் சில வாரக் கச்சேரி. மறு ஆண்டு நியூபோர்ட் ஜாஸ் விழா. ஆயினும், காலால் தாளம் போட இடங்கொடாமல் ஒரே உருப்படி நெடுநேரம் நீளும் இச்சங்கீதத்தை, மதுவிற்பனையை நம்பிய விடுதி முதலாளிகள் மறுபடி அழைக்கத் துணியவில்லை. ஜீவனத்துக்காக அவர் பாத்திரம் கழுவினார். சபை கிடைக்காத அந்நாட்களில், எதிரே ரசிகர்கள் அமர்ந்திருப்பதாகப் பாவித்துத் தம் அறையிலேயே முழுக்கச்சேரிகளை வாசித்து வந்தார் என்பதுதான் அவருடைய சரித்திரத்தில் என்னை மிகவும் உருக்குவது.

வெறும் இரைச்சல் என்று ஒதுக்கியவர்கள் அந்தக் கைகளைக் கவனித்தவர்களல்லர். இடக்கை மந்தரத்தில் நாலைந்து ஸ்வரங்களாலான ஒரு சிறு பிடியை வைக்கும். வலக்கை தாரத்தில் விடை சொல்லும். வேகம் ஏற ஏற, விரல்கள் போதாமல் உள்ளங்கையும் முஷ்டியும் முன்கையும் கட்டைகளின்மேல் இறங்கும்போதும், அப்பிடியின் உருவம் கலைவதில்லை. சாதாரணப் பியானோவில் 88 கட்டைகள். 97 கட்டைகள் கொண்ட வியன்னாவின் போஸன்டார்ஃபர் பியானோவிலோ அவருடைய மந்தரம் இன்னும் ஆழம் கண்டது.

1966-இல் வெளிவந்த ‘யூனிட் ஸ்ட்ரக்சர்ஸ்’ இசைத்தட்டு அவருடைய கட்டுக்கோப்பை ஐயமற நிலைநாட்டியது. அதில் ஆல்டோ ஸாக்ஸஃபோன் வாசித்த ஜிம்மி லயன்ஸ், வறுமையிலும் வரவேற்பிலும் உடனிருந்து, 1986-இல் தாம் மறையும்வரை அவரைப் பிரியாத உத்தமத் துணைவர்.

1978-இல் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் டெய்லர் வாசித்து முடித்ததும், ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் எழுந்தோடிச் சென்று அவரைப் பாராட்டினார். அதைவிட மேலான கௌரவத்தை 1988-இல் பெர்லின் நகரம் அளித்தது: ஐரோப்பாவின் தேர்ந்த வித்வான்களை அவருடன் மேடையேற்றி, அக்கச்சேரிகளைப் பதினொரு இசைத்தட்டுகளாகப் பதிவுசெய்து வைத்தது. அவற்றை அடுத்த வாரம் ஒவ்வொன்றாகக் கேட்போம்.

(தொடரும்)