வாரத்து மாடும் விற்றவர் பெயரும்

மாட்டுச் சந்தைகளைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றைப் படித்தால் மாடு தெரியும். மாட்டின் இனம் தெரியும், சுழி தெரியும், பல்லு தெரியும். துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடிக்கும் தரகர் தெரிவார். மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவன் மட்டும் தெரியமாட்டான். மணப்பாறை, பொள்ளாச்சி, ஈரோடு கருங்கல்பாளையம் என்று பேர்பெற்ற சந்தைகளுக்கு ராத்திரியெல்லாம் நடந்து மாடு ஓட்டிவந்த கால்கள் யாருடையவை என்று எந்தச் சந்தை வரலாறும் சொல்வதில்லை. அந்தக் கால்களில் பாதி நம் தெருவுடையவை.

இப்போது சந்தை போனுக்குள் வந்துவிட்டது. மாட்டைப் போட்டோ எடுத்துப் போட்டால் நாலு மாவட்டம் தாண்டி ஆள் கூப்பிடுகிறான். 'தரகர் ஒழிந்தார், விவசாயியே நேரடியாக விற்கிறார்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. விவசாயி என்றால் யார்? மாட்டை வளர்த்தவரா, மாட்டுக்கு முதல் போட்டவரா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுதப்படும் சந்தை வரலாறு இன்னொரு முறை ஊர்த்தெரு வரலாறாகத்தான் முடியும்.

தென்னார்க்காட்டில் எங்கள் பக்கம் 'வாரத்துக்கு விடுறது' என்பார்கள். ஊர்க்காரர் ஒருத்தர் கிடேரிக் கன்று வாங்கிச் சேரியில் ஒரு வீட்டு வாசலில் கட்டிவிடுவார். புல்லறுப்பது, தண்ணி காட்டுவது, சாணி அள்ளுவது, சினைக்கு ஓட்டிப்போவது, கன்று போடும் ராத்திரியில் தூங்காமல் கூட உட்கார்ந்திருப்பது எல்லாம் வளர்க்கிறவர் பாடு. பெரும்பாலும் பெண்கள் பாடு. எரு ஆண்டை நிலத்துக்குப் போகும்; நமக்குக் கொட்ட நிலம் ஏது. விற்கும்போது கன்று வாங்கிய முதலைக் கழித்துவிட்டு மிச்சத்தில் பாதி நமக்கு. சில இடங்களில் ஒரு ஈத்துக் கன்று அவருக்கு, அடுத்த ஈத்து இவருக்கு என்று பேச்சு. மாடு செத்துப்போனால் 'என் முதலு போச்சே' என்று ஆண்டை கத்துவார். உழைப்பு போச்சே என்று யாரும் கத்தி நான் கேட்டதில்லை. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. வாய்வார்த்தைதான்.

எங்கப்பா மூணு வாரத்து மாடு வளர்த்தார். விற்கிற அன்று விடியற்காலை மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு எண்ணெய் தடவிச் சந்தைவரை ஓட்டிக்கொண்டு போவதும் அவர்தான். ஆண்டை பஸ்ஸில் வருவார். பேரம் நடக்கும்போது அப்பா மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளி நிற்பார். தரகரும் வாங்குகிறவரும் துண்டுக்கு அடியில் விரல் பிடிப்பார்கள். எத்தனை விரல், அது நூறா ஆயிரமா என்பது அந்த ரெண்டு கைகளுக்கும்தான் தெரியும். அப்புறம் தரகர் ஆண்டையின் கையைத் துண்டுக்குள் இழுப்பார். அப்பாவின் கையை யாரும் இழுத்ததில்லை. மாடு கைமாறும்போது பழைய கயிற்றைக் கழற்றிக்கொள்வது வழக்கம். கயிறு மட்டும் அப்பா கைக்கு வரும். 'எவ்ளோங்க ஆண்டே போச்சு?' என்று வழியில் கேட்பாராம். அவர் சொன்னதுதான் விலை.

துண்டு பேரத்தை நம் நாட்டுப்புறவியல்காரர்கள் வியந்து வியந்து எழுதுகிறார்கள். பக்கத்தில் நிற்கிற இன்னொரு வியாபாரிக்கு விலை தெரியாமல் இருக்கத்தான் துண்டு என்று விளக்கம். சரி. ஆனால் மாட்டை வளர்த்தவனுக்கும் அந்தத் துண்டு விலையை மறைத்தது. இதை எழுதியவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. துண்டுக்கு வெளியே நின்றவன் எழுதியிருந்தால் அது கலையாகத் தெரிந்திருக்காது.

மாடு மேய்ப்பது நம் குழந்தைகளின் வேலை என்பது இயற்கையாக வந்ததல்ல. அது கட்டளையாக வந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் தலித்துகளுக்கு 8 தடைகள் விதித்தார்கள். இடுப்புக்கு மேல் துணி கூடாது, தங்க நகை கூடாது என்கிற வகை. அவை மீறப்பட்டதும் 1931 ஜூனில் 11 தடைகள் வந்தன. தலித் குழந்தைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதார்களின் மாடு மேய்க்க மட்டும்தான் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. சொந்த நிலத்தை மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும் என்பது இன்னொன்று. விற்காவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹட்டன் இவற்றைப் பதிவு செய்தார்; அம்பேத்கரும் எடுத்துக் காட்டினார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நிலத்தை விற்கச் சொல்லி, பிள்ளையை மாட்டின் பின்னால் அனுப்பச் சொன்னால், அவன் மாட்டோடு இருப்பான். மாடு அவனோடதாக இருக்காது.

உயிரோடு இருக்கிறவரை மாடு ஊருக்குச் சொந்தம். செத்த பிறகு சேரிக்குச் சொந்தம். இழுத்துப் போடு, தோலுரி, தின்னு, தின்றதால் நீ இழிந்தவன் என்று கேள். செத்த மாட்டை இழுக்காதீர்கள், அதன் இறைச்சியை உண்ணாதீர்கள் என்று 1927இல் மகாடில் அம்பேத்கர் சொன்னது சுத்தம் பற்றிய போதனை என்று சிலர் சுருக்குகிறார்கள். கூலியில்லாத வேலையை நிறுத்து என்பதும் அதற்குள் இருந்தது. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தபோது, அங்கிருந்த நம் மக்கள் செத்த மாடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அரசு அலுவலக வாசலில் போட்டார்கள். உன் மாட்டை நீயே எடு என்றார்கள். அதற்கு முன்பே, 2002 அக்டோபரில் அரியானாவின் துலினா காவல் சாவடியில், பசுவைக் கொன்றார்கள் என்ற வதந்தியில் 5 தலித்துகள் அடித்துக் கொல்லப்பட்டிருந்தார்கள்.

சட்டம் என்ன செய்தது? 2017 மே மாதம் மத்திய அரசு கால்நடைச் சந்தைகளுக்குப் புது விதிகள் போட்டது. சந்தையில் மாட்டை இறைச்சிக்காக விற்கக் கூடாது என்றதும் நாடெங்கும் மாட்டுக்கறிப் போராட்டங்கள் நடந்தன. அவை நியாயமான போராட்டங்கள். ஆனால் அதே விதிகளில் கத்தலில் கேட்காமல்போன ஒரு வரி இருந்தது: வாங்குகிறவர் விவசாயி என்று வருவாய்த்துறை ஆவணத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். பட்டா உள்ளவர்தான் மாடு வாங்கலாம் என்று பொருள். நிலமில்லாத கூலிக்காரப் பெண் ஒரு கறவை மாடு வாங்கச் சந்தைக்குப் போனால் எந்த ஆவணத்தைக் காட்டுவாள்? மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் மே 30ஆம் தேதி தடை கொடுத்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்க நீட்டித்தது. வரி நின்றுபோனது. அதை எழுதிய மனசு நிற்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் இணையச் சந்தை வருகிறது. பழைய பைக், பழைய சோபா விற்கும் தளங்களில் ஆடும் மாடும் ஏறின. 2016 நவம்பரில் மத்திய அரசே ஈ-பசுஹாட் என்ற இணையதளத்தைத் தொடங்கியது. 2019இல் மாடு எருமை விற்பதற்கென்றே அனிமால் என்ற செயலி பெங்களூரிலிருந்து வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வாரச்சந்தைகளை மூடியபோது வாட்ஸ்அப் குழுக்களே சந்தையாயின. செஞ்சியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் போகிறவர்கள் போனில் ஆடு பார்க்கப் பழகினார்கள்.

விளம்பரத்தின் மொழி பழைய சந்தை மொழிதான். 'ரெண்டாம் ஈத்து, நாலு பல்லு, வேளைக்கு அஞ்சு லிட்டர், சாது, பெண்கள் கறக்கலாம்.' கூட மடியைக் காட்டும் ஒரு படம், கறக்கும் வீடியோ, போன் நம்பர். சுங்கம் இல்லை, வண்டி வாடகை இல்லை. தரகர் ஒழிந்தார் என்பது பாதி உண்மை. ஒரே நம்பரில் பத்து மாடு வந்தால் அவர்தான் தரகர். ஆளைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பி ஏமாந்தவர்களும் உண்டு.

ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. விலை துண்டைவிட்டு வெளியே வந்துவிட்டது.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, ஒரு கிடேரியை வாரத்துக்கு வளர்த்தாள். கன்று வாங்கிய முதல் 8,000 ரூபாய். ரெண்டாம் ஈத்து முடிந்ததும் மாட்டுக்காரர் விற்றுவிடலாம் என்றார். அவருடைய மகன் போனோடு வந்தான். அக்கா வீடு காலனியில் அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. அந்தச் சுவரும் வாசலும் படத்தில் விழும் என்பதால் 'மாட்ட எங்க தொழுவத்துக்கு ஓட்டியாங்க, அங்க வச்சு எடுக்கலாம்' என்றான். மூணு வருஷம் தின்று படுத்து எழுந்த இடம் படத்தில் இருக்கக் கூடாது. ஏன் என்று அக்கா கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமலே எல்லோருக்கும் தெரிந்த பதில் அது. காலனி மாட்டுப் பாலை டீக்கடை வாங்காத ஊர்கள் இன்னும் இருக்கும்போது, காலனி மாட்டுக்கு விலை குறையும் என்று அவன் கணக்குப் போட்டது தொழில் அறிவுதான்.

மாடு போனது. 32,000 என்றார்கள். முதலைக் கழித்தால் 24,000, பாதி 12,000. அக்கா கையில் கொடுத்தார்கள்.

அக்காவின் பெண் கல்லூரியில் படிக்கிறாள். அவள் அந்த விளம்பரத்தை முன்பே தன் போனில் எடுத்து வைத்திருந்தாள். கேட்ட விலை 45,000. அதோடு விடவில்லை, விளம்பரத்தைப் பார்த்துக் கறவை பார்க்க வந்துபோன ஆள்மூலம் வாங்கினவரையே பிடித்துவிட்டாள். அவர் கொடுத்தது 42,000. அப்படியானால் 34,000த்தில் பாதி, 17,000. அக்கா போய் நின்றாள். எங்கப்பா மாதிரி 'ஆண்டே' இல்லை. 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டாள். 'ஏங்க, நாப்பத்திரண்டுன்னு வாங்கனவரே சொல்றாரு. எனக்கு இன்னும் அஞ்சு வரணும்.' வண்டி வாடகை, மருந்துச் செலவு என்று அவர்கள் என்னென்னவோ சொன்னார்கள். மருந்து வாங்கியது அக்கா. கடைசியில் 3,000 வந்தது. அதோடு வாரத்து மாடும் நின்றது. 'போன் பார்க்கிற வீட்டுக்கு மாடு விடமுடியாது' என்று பேசிக்கொண்டார்களாம்.

இது தொழில்நுட்பத்தின் வெற்றி என்று சொல்லமாட்டேன். போன் அவர்கள் கையிலும் இருக்கிறது, விற்பவர் என்ற இடத்தில் அவர்கள் பெயர்தான் இருக்கிறது. வளர்த்தவர் என்று ஒரு கட்டம் எந்தச் செயலியிலும் கிடையாது. பெயரைப் பொறுத்தவரை செயலியைவிடப் பெரிய மாற்றத்தைச் செய்தது 2011இல் வந்த தமிழக அரசின் விலையில்லா ஆடு திட்டம் என்று நினைக்கிறேன். 7 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு நாலு நாலு ஆடு, பெண்கள் பெயரில். அதை ஓட்டுக்கான இலவசம் என்று கேலி செய்தார்கள். நிலமில்லாத பெண் 'இது என் ஆடு' என்று சொல்லக் காகிதம் கிடைத்தது கேலிக்காரர்களுக்கு உறைக்கவில்லை. பட்டா கேட்காமல் கிடைத்த சொத்து அது.

நம் தோழர்கள் கூலி உயர்வுக் கணக்கு எடுக்கிறார்கள், நிலக் கணக்கு எடுக்கிறார்கள். வாரத்து மாட்டுக் கணக்கை யாரும் எடுக்கவில்லை. எந்த ஊரில் எத்தனை மாடு, முதல் எவ்வளவு, என்ன விலைக்குப் போனது, கைக்கு வந்தது எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கலாம். எங்கப்பாவின் மூணு மாட்டுக்கு இனி கணக்கு எடுக்க முடியாது. இப்போது விற்கப்படுகிற மாடுகளுக்கு எடுக்கமுடியும். விளம்பரம் மறைவதற்குள் எடுக்க வேண்டும்.

அக்கா மகளிர் குழுக் கடனில் சொந்தமாக ஒரு மாடு வாங்கினாள். போன வருஷம் அதன் கன்றைப் போனில் போட்டாள். படத்தில் தொகுப்பு வீட்டுச் சுவர், பக்கத்தில் அவள். மொத்தம் ஏழு பேர் கூப்பிட்டார்கள். ரெண்டு பேர் ஊர்ப் பேரைக் கேட்டுவிட்டு, 'அந்த ஊர்ல எந்தத் தெரு?' என்று கேட்டார்கள். சொன்னதும் வைத்துவிட்டார்கள். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தர் தெருவைக் கேட்கவில்லை. பல்லைப் பார்த்தார், 14,500க்குப் பேசி முடித்தார். பணத்தை அக்கா தானே எண்ணி வாங்கிக்கொண்டு, கயிற்றைக் கழற்றிக் கொடுத்தனுப்பினாள்.