உரத்த குரலின் விலை

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் அவற்றை விற்ற கம்பனிகளின் பெயரைப் பொறிக்கின்றனர். இல்லாமையினால் அவற்றுக்குப் புதுப்பயன் கண்டவர்களை மறந்துவிடுகின்றனர். கிற்றார் பழகும் மன்னார் இளைஞர், கரகரத்து முழங்கும் ஒலிபெருக்கியைக் குறைந்த செலவில் வாங்குவது எவ்வாறு என வினவுவாராயின், விலைப்பட்டியலுக்கு முன் இவ்வரலாற்றையே நாம் அவர்முன் வைப்போம்.

மாதோட்டத்தின் மூவிராசாக்கள், என்றீக்கு எம்பரதோர் முதலிய கூத்துகளை விடியவிடிய ஆடிய உழைப்பாளி மக்களுக்குத் தொண்டையும் மத்தளமுமே ஒலிபெருக்கிகள். 1970களில் ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் போன்றோரின் பொப்பிசை, கிற்றாரை ஈழத்துத் தமிழரின் வாத்தியமாக்கிற்று. பின்னர் போர் வந்தது. 1990இல் அறுந்த தலைமன்னார் ரயில்பாதை 2015இலேதான் மீண்டது. வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடங்கியது. மக்களோ சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். கையில் உள்ளதைக் கொண்டு ஒலியைப் படைத்த அந்த அறிவு நம் மண்ணுக்கு மட்டும் உரியதன்று. கிற்றாரின் முரட்டுக் குரலும் அவ்வாறே பிறந்தது.

1951இல், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், ஐக் டேர்னரின் கறுப்பினக் கலைஞர் குழு ‘ராக்கெட் 88’ என்ற பாடலைப் பதிவு செய்தது. வழியிலே பழுதுற்ற ஒலிபெருக்கியின் கூம்பினுள் காகிதத்தைத் திணித்து வாசித்தனர் என்பர். 1962இல், அமெரிக்க இறக்குமதிக் கருவிகளின் விலை இங்கிலாந்தின் இளங்கலைஞருக்கு எட்டாதிருந்தபோது, இலண்டன் கடைக்காரரான ஜிம் மார்ஷலும் அவருடைய தொழில்நுட்பத் தோழரும் பெண்டர் ‘பேஸ்மன்’ கருவியின் சுற்றமைப்பைப் பின்பற்றி, உள்ளூரில் கிடைத்த உறுப்புகளால் ஒன்றைச் செய்தனர். கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தமது மலிவான சிறு கருவியின் கூம்பைச் சவர அலகால் கீறினார். அந்த ஒலி 1964இல் உலகெங்கும் கேட்டது.

இல்லாதவர் கண்ட அந்த ஒலியே இன்று உயர்ந்த விலைக்கு அவர்களிடமே விற்கப்படுகிறது. சந்தையின் இயல்பு அதுவன்றோ!

ஆகவே மாணவர் முதலில் அறியவேண்டியது, பெருக்கமும் மின்வலுவும் ஒன்றல்ல என்பதாகும். ஒலிக்குறி அளவுமீறிப் பெருக்கப்படும்போது அலையின் முகடு வெட்டுண்டு தட்டையாகிறது, அதுவே கரகரப்பு. சிறு கருவியிலும் அது கிட்டும். 10 வாற்றை 20 ஆக்கினால் ஒலிமட்டம் 3 டெசிபெல் மட்டுமே உயரும். செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வாற்று வேண்டும். எனவே வாற்றின் எண்ணிக்கைக்குப் பணத்தைக் கொட்டுதல் வீண். பங்கு மண்டபத்தில் வாசிக்க, 12 அங்குலக் கூம்புள்ள பழைய கருவியொன்றும், கரகரப்பைத் தரும் பெடல் ஒன்றும் போதும். வால்வுக் கருவியாயின், கூம்பை இணைக்காமல் அதை இயக்கலாகாது. அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ற்றுக் கருவியை நமது 230 வோல்ற்று மின்சாரத்தில் நேரடியாக இணைத்தால் அது கருகும். கடலோர உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்குமாதலால், நல்ல கேபிளுக்கும் துணியுறைக்கும் சிறிது பணம் ஒதுக்குதல் நலம்.

ஒருவரால் இயலாததை நால்வர் கூடி வாங்கலாம். ஒரு பாடசாலை வாங்கினால் பல தலைமுறை பயிலலாம். கூத்துக்கு ஊரே கூடி மேடையிட்ட மன்னாருக்கு இது புதிய பாடமன்று. தம் குரல் உரத்துக் கேட்கவேண்டுமென விழையும் இளைஞரின் உரிமை, அவர்தம் பணப்பையின் கனத்தால் அளக்கப்படலாகாது.